முள் நின்ற இடம்

இன்று காலை மணவூரிலிருந்து ஒரு அம்மா, இறந்துபோன புருஷனின் வாட்சைக் கொண்டுவந்தார். பழைய சுவிஸ் வாட்ச், ரேடியம் பூசிய முள். அவர் இறந்ததிலிருந்து யாரும் சாவி கொடுக்காமல் பெட்டியிலேயே கிடந்ததாம். முள்ளைக் கழற்றினேன். அடியில், டயலில் முள்ளின் வடிவத்திலேயே பழுப்புக் கறை. நண்பா, உன் நைனாவின் ரேடியம் வாட்சில் இருந்த அதே கறை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து ஊர் காலியாகியிருந்த வாரம் அது. பாகம் பிரித்தபோது உன் அண்ணன் தந்த அந்த வாட்சோடு என் கடைக்கு வந்தாய். பழைய வாட்ச் வாங்கும் மெட்ராஸ்காரர் ஒருவர், அசல் என்று நான் சொன்னால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். விற்று இன்னொரு தறி போடுவது உன் கனவு.

புது டயலை டீ டிகாஷனில் தோய்த்து, மொட்டை மாடி வெயிலில் காயவைத்துப் பழசாக்கி விற்றவன் நான். முள்ளைக் கழற்றாமல் தோய்த்தால் அடியில் தேங்கிக் கறை பிடிக்கும். அதைத்தான் உன் டயலில் பார்த்ததாக நினைத்தேன்.

“டிகாஷன் வேலைடா இது. அதுவும் கத்துக்குட்டி வேலை.”

“எங்க நைனா பட்டாளத்துல சண்டைக்குப் போய் வந்தப்போ கட்டிகினு வந்ததுடா. அவர் செத்த அன்னிக்கு நின்னுச்சு. அம்மா சாவி குடுக்க வுடல. அண்ணன் வூட்டுப் பெட்டியிலதான் இருந்துச்சு.”

“அப்போ அண்ணனையே கேளு. அசலை எடுத்துகினு இதை உன் தலையில கட்டிட்டாரு.”

விளையாட்டாய்ச் சொன்னேன் என்று எழுத ஆசை. இல்லை, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத்தான் சொன்னேன்.

நீ நம்பினாய். அதன்பின் சாகும்வரை அண்ணன் இருக்கும் கே.ஜி.கண்டிகைப் பக்கமே போகவில்லை. மகள் கல்யாணத்துக்குக்கூட அண்ணனை அழைக்கவில்லை. என் கடைக்கு மட்டும் தினமும் சாயங்காலம் டீ குடிக்க வந்தாய். “நீ ஒருத்தன்தான்டா எனக்கு உண்மைய சொன்னவன்” என்பாய். அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேனே, பாவி நான்.

நீ போய் இரண்டு வருஷம். சாயங்காலத்தில் பேச ஆளில்லை. காலியாகப் பார்க்கப் பிடிக்காமல், உன் ஸ்டூலில் வாட்ச் டப்பாக்களை அடுக்கிவைத்திருக்கிறேன்.

ரேடியம் முள் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், டயலைத் தானே சுட்டுக் கறையாக்கும் என்று, யாரும் தொடாத அந்த அம்மாவின் வாட்சைப் பார்த்து இன்றுதான் புரிந்தது. பொய்க் கறையை மட்டுமே தெரிந்தவனிடம் வந்து அசலைக் காட்டினாய்.

கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். உன் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு:

“கடைசியில என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டானா?”

“ஆங், கேட்டுகினேதான் இருந்தாண்ணா.”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நம்பிவிட்டார். நீ ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்பது இனி எனக்கு மட்டும்தான் தெரியும்.