உங்கள் அளவு உப்பு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது பிரஷர் எவ்வளவு இருந்தது என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

தையல் கம்பெனியில் இப்போது என்னைக் காஜா மெஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பட்டன் ஓட்டை போடுகிறேன். புது அறையில் நாங்கள் ஐந்து பெண்கள், ஆளுக்கு ஒரு நாள் சமையல். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் முறை. முதல் வாய் வைத்ததுமே இஸ்திரி போடும் அக்கா, "ஏண்டி, உப்புன்னு ஒண்ணு இருக்கிறதே உனக்குத் தெரியாதா? இங்க யாருக்குடி பிரஷர்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் உங்களுக்குப் போட்ட அளவையே கை போட்டிருக்கிறது.

யாராவது இங்கே வந்தால், வீட்டில் இருக்கிற அந்த வளைந்த உப்புக் கரண்டியைக் கொடுத்து விடுங்கள். இல்லை, வேண்டாம். அது இல்லாவிட்டால் நீங்கள் கையால் அள்ளிப் போடுவீர்கள்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. மாத்திரையை மறக்காதீர்கள். பாப்பாவுக்குத் தலை பின்னும்போது இறுக்கிப் பின்னுங்கள், அவள் கத்தினாலும் பரவாயில்லை.

இப்போதெல்லாம் உங்கள் அளவு உப்பில் குழம்பு வைத்து, என் பங்கை எடுத்து மூடிவிட்டு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு உப்பு சேர்க்கிறேன். அக்கா ஏன் என்று கேட்டார். எனக்கும் பிரஷர் என்று சொல்லிவிட்டேன். பயப்படாதீர்கள், பொய்தான்.

பாப்பாவின் அம்மா