நாலாம் நம்பர் அறையில் கேட்ட சத்தம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். அம்மாவோட முழங்காலையும் என்னோட காதையும் விட்டுட்டுப் பார்த்தா இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாத் தூங்கி எழுந்தாலே எங்களுக்குப் போதும். வாரத்துக்கு மூணு தடவை போன்ல பேசுறவருக்கு இப்ப கடிதம் எதுக்குன்னு நினைப்பே. எனக்குச் சரியாக் கேட்கலைன்னு அம்மா ஸ்பீக்கரைப் போட்டுடுறா, வீடு மொத்தமும் கூட உட்கார்ந்து கேட்குது. இது அவ காதுக்குப் போகக் கூடாத விஷயம். அதுக்கு முன்னால வீட்டுச் சேதி ஒண்ணு. தம்பிக்கு அந்த மருந்துக் கம்பெனியில வேலை கிடைச்சிடுச்சு, முதல் நாளே சட்டையை இஸ்திரி போடுறேன்னு அதோட முதுகுல இஸ்திரிப் பெட்டி அளவுக்குப் பொசுக்கிட்டான், மேலே கோட்டைப் போட்டு மறைச்சுக்கிட்டுப் போனான்.

எங்க குளிர் கிடங்குக் கூரை முழுக்க சோலார் பலகை போட்டதைச் சொல்லியிருந்தேன் இல்லையா. மீனும் கறியும் பட்டாணியும் அடுக்கியிருக்கிற அஞ்சு அறைக்கும் கம்ப்ரசர் ஓயாம ஓடி, கரண்ட் பில் முதலாளியைப் படுத்தி எடுத்துச்சு. இப்ப ஏற்பாடு என்னன்னா, வெயில் நல்லாக் காயும்போது மிஷினை எல்லாம் முழு மூச்சா ஓட்டி, மைனஸ் பதினெட்டுல இருக்கிற அறையை மைனஸ் இருபத்தாறு வரைக்கும் இறக்கிடுறது. மேகம் மூடினாலோ பொழுது சாஞ்சாலோ மிஷின் தானா நின்னுடும். கதவைத் திறக்காம இருந்தா அந்தக் குளிரே பல மணி நேரம் தாங்கும். பேட்டரிக்குப் பதிலா குளிரையே சேர்த்து வைக்கிறோம்னு இன்ஜினியர் சொன்னார். பில் பாதியாக் குறைஞ்சது நிஜம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அமைதிதான் எனக்கு ஒத்துக்கலை. இருபத்திரண்டு வருஷமா அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்தவன் நான், இரைச்சல்ல பக்கத்துல நின்னு கூப்பிட்டாக்கூட எனக்குக் கேட்காது. இப்ப பட்டப்பகல்ல வாசல் வெயில் மங்கும், மிஷின் ஒண்ணொண்ணா மூச்சை விட்டுட்டு நிக்கும், கட்டடமே உத்துக் கேட்கிற மாதிரி இருக்கும். அப்பத்தான் நாலாம் நம்பர் அறைக்குள்ள இருந்து ஒரு தட்டல் கேட்டுச்சு. மூணு தடவை டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூணு. திறந்து பார்த்தேன், பெட்டியும் என் வாயிலிருந்து வர்ற புகையும்தான். மறுநாளும் அப்படியே. கிடங்குல எடை போடுற அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன், எனக்கு ஒண்ணும் கேட்கலையே அண்ணான்னா. இன்ஜினியர்கிட்ட சொன்னேன், அதிகக் குளிர்ல சுவர்ப் பலகை சுருங்குற சத்தம் அதுன்னார். சுருங்குற பலகைக்கு மூணு மூணா எண்ணத் தெரியுமான்னு கேட்டேன். அவர் என் காதைப் பார்த்துட்டுப் பேச்சை மாத்திட்டார்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். குளிரை இறக்குறதுக்கு முன்னால எல்லாக் கதவையும் மூடணும்னு விதி. நான்தான் மூடினேன்மா. நாலாம் நம்பருக்கு வெளியே ஃபோர்க்லிஃப்ட் நின்னுச்சு, அதை ஓட்டுற நெட்டையன் சாப்பிடப் போயிட்டான்னு நினைச்சு இழுத்து மூடிட்டேன். ஆறடிக்கு மேலே இருக்கான்னு எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். அவன் கடைசி வரிசைக்குப் பின்னால பெட்டியில ஒட்டின சீட்டைச் சரிபார்த்துக்கிட்டு இருந்திருக்கான். அண்ணே, நான் உள்ளே இருக்கேன்னு கத்தியிருக்கான். எனக்குக் கேட்கலை. உள்ளேயிருந்து தள்ளித் திறக்கிற கைப்பிடி ஐஸ் பிடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. கதவு உறையாம இருக்கச் சட்டத்தைச் சுத்தி ஒரு சூட்டுக் கம்பி ஓடும், சோலாருக்காக ஒயர் மாத்தினவங்க கரண்ட் மிச்சமாகட்டும்னு அதை அணைச்சு வெச்சிருக்காங்க, உள்ளே மாட்டினவங்க அடிக்கிற அபாய மணியும் அதே ஒயர்லதான் இருந்திருக்கு. இதெல்லாம் பின்னால தெரிஞ்சது.

ஒரு மணி சுமாருக்குக் கருமேகம் ஒண்ணு வந்து மூடுச்சு. மிஷின் நின்னுச்சு. மூணு தட்டு கேட்டுச்சு. நான் எழுந்திருக்கலை. இதை யார்கிட்டயாவது சொல்லணும், அதான் உனக்கு எழுதுறேன். என் காதுக்குத்தான் பைத்தியம்னு டீயைக் குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி தட்டுச்சு, இந்தத் தடவை இடைவெளியே விடலை. டம்ளரைப் போட்டுட்டு ஓடினேன். கதவு அசையலை, கடப்பாரையால நெம்பித் திறந்தேன். வாசல் பக்கம் யாருமே இல்லை. திரும்ப மூடப் போனேன்மா, அப்பத்தான் தரையில ஒரு கையுறை கிடந்ததைப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால அட்டைப் பெட்டிக்கு நடுவுல பிளாஸ்டிக் தாளைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தான், புருவமெல்லாம் வெள்ளை, கண் மட்டும் திறந்திருந்துச்சு. நானும் எடை போடுற அம்மாவும் இழுத்து வெளியே போட்டோம். உயிர் பிழைச்சுட்டான். இடது கால் சுண்டு விரலை எடுத்துட்டாங்க.

மூணாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். நல்லவேளை நீ விடாம தட்டினே, இல்லைன்னா வந்திருக்க மாட்டேன்னு சொன்னேன். நான் எங்கே அண்ணே விடாம தட்டினேன், மிஷின் ஓடினப்போ கொஞ்ச நேரம் தட்டினேன், கை மரத்துப் போச்சு, மிஷின் ஊதுற குளிர் காத்துக்கு ஒதுங்கிப் பின்னால போயிட்டேன், அதுக்கப்புறம் கையைத் தூக்கவே முடியலை, நீங்கதானே வெளியே இருந்து தட்டிக்கிட்டே இருந்தீங்க, தூங்கிடாதேடான்னு சொல்ற மாதிரி இருந்துச்சு, அதைக் கேட்டுத்தான் கண்ணை மூடாம இருந்தேன்னான். நான் தட்டவே இல்லைம்மா, அதை அவன்கிட்ட சொல்லாம போர்வையை இழுத்துவிட்டுட்டு வந்துட்டேன்.

கதவை மூடினது நான்தான், காது கேட்காததை மறைச்சு வேலை பார்த்ததும் நான்தான்னு முதலாளிகிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன், திட்டலை, அன்னைக்கே சூட்டுக் கம்பியைப் போட வெச்சார், மணிக்குத் தனி ஒயர் இழுத்தாச்சு. உள்ளே போறவங்க தன் பேர் எழுதின தகர வில்லையை வாசல்ல மாட்டணும், வில்லை தொங்குற வரைக்கும் கதவை மூடக் கூடாது. காது டாக்டரையும் பார்த்துட்டேன், அடுத்த வாரம் காது மிஷின் வருது, அம்மாவுக்கு ஏக சந்தோஷம், காரணம் மட்டும் தெரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து நாலாம் நம்பர்ல அந்தத் தட்டல் இல்லைம்மா. அதே குளிர், அதே பலகை, மேகமும் வருது, மிஷினும் நிக்குது, நான் கதவுல காதை வெச்சு நிக்கிறேன். ஒண்ணும் இல்லை. சத்தம் கேட்டப்போகூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. போன திங்கட்கிழமை நெட்டையன் லேசா நொண்டிக்கிட்டு வேலைக்கு வந்தான். வில்லையை மாட்டிட்டு, உள்ளே போறேன் அண்ணேன்னு என் முகத்துக்கு நேரா வந்து சொன்னான். அவன் வெளியே வர்ற வரைக்கும் வாசலை விட்டு நகரலை, உள்ளேயிருந்து அவன் நடுநடுவே இருமினான். எனக்காகத்தான் இருமினான்னு நினைக்கிறேன்.

நீயும் ஆபீஸ்ல கடைசி ஆளாக் கிளம்பினா, பூட்டுறதுக்கு முன்னால உள்ளே யாராவது இருக்காங்களான்னு குரல் கொடு. கொடுத்துட்டுக் கொஞ்சம் நில்லு, பதில் வர நேரமாகும். நீங்க ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோட, மனசுல பாரமில்லாம வாழணும். பல் டாக்டர்கிட்ட போறதைத் தள்ளிப் போடாதே. அம்மா கேட்டா, அப்பா சோலாரைப் பத்தித்தான் எழுதியிருந்தார்னு சொல்லு. அது பொய்யும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா