சீனுவின் பழைய விலாசம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொண்டாப்பூர் சாலையில் பள்ளம் எது, தண்ணீர் எது, தெரியவில்லை. ஆபீஸுக்குத் தாமதம்.

அப்பா அம்மா விசாவுக்குத் தேதி கிடைத்துவிட்டது! யாரோ ரத்து செய்திருக்க வேண்டும். மீட்டிங் நடுவில் போனில் பார்த்தேன். மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டே அழுத்தினேன். 18 புதன் கைரேகை, 19 வியாழன் நேர்முகம். இதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

தம்பி சீனுவுக்கு உடனே வாட்ஸப். இரண்டு நீல டிக். பதில் இல்லை. டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு "தேதி கெடைச்சுதா, தேதி கெடைச்சுதா" என்று இரண்டு மாதமாக அரித்தவன்.

பார்க்க வேண்டியவை:
- போட்டோ (கண்ணாடி இல்லாமல், காது தெரிய)
- அப்பாவின் பென்ஷன் புத்தகம்
- அப்பா அம்மா இருக்கும் மல்காஜ்கிரி வீட்டுப் பத்திரம், நகல். திரும்பி வருவார்கள் என்பதற்கு அத்தாட்சி
- சீனுவின் அழைப்புக் கடிதம்
- அப்பாவின் காது மிஷின். டிராயரில் தூங்குகிறது

அம்மாவுக்குப் போன் செய்தேன். "நித்யாவுக்கு மெந்தியக்கீரை காயவெச்சு எடுத்துட்டுப் போலாமா, ஏர்போர்ட்ல விடுவாங்களா?" மருமகளைப் பற்றித்தான் முதல் கேள்வியே.

ஜூன் 10, செவ்வாய்

சீனு கூப்பிட்டான். சாப்பாட்டு டப்பா மூடிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பாலா மாமா பக்கத்துல இருக்காரா?"

"குளிக்கிறாரு. ஏன்டா?"

"நித்யா போயிட்டா அக்கா."

ஆபீஸுக்கா என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

ஜனவரியிலிருந்தே தனித்தனியாம். வக்கீல் வரை போயாகிவிட்டது. இவனும் அந்த வீட்டை விட்டுவிட்டு ஒற்றை அறை அபார்ட்மென்ட் ஒன்றுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. "நித்யா வேலையில இருக்கா", "நித்யா தூங்கறா", "நித்யா ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிருக்கா". ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இவன் சொன்னதையெல்லாம் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அவன் பின்னால் தெரிந்த சுவர் மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. நான்கூட.

"சண்டைன்னு ஒண்ணும் இல்லக்கா. பேசறது நின்னு போச்சு. அப்புறம் எல்லாமே நின்னு போச்சு."

"சரி, சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில்: "விசா கெடைக்கற வரைக்கும் சொல்லாத. அவங்க இங்க வந்துடட்டும். நேர்ல நான் சொல்லிக்கிறேன்."

வைத்த பிறகுதான் உறைத்தது. ஏப்ரலில் படிவத்தை நிரப்பியது நான். "மகனும் மருமகளும்", பழைய வீட்டு விலாசம், அந்த வீட்டில் தங்கப் போகிறோம் என்று. அழைப்புக் கடிதத்தில் "நானும் என் மனைவியும்". ஏப்ரலிலேயே பொய். எனக்குத் தெரியாமல் நானே தட்டிய பொய்.

இப்போது தெரியும்.

ஜூன் 11, புதன்

பாலாவிடம் சொன்னேன். கோயமுத்தூர்க்காரருக்கு எதற்கும் பதற்றம் கிடையாது. "பழைய விலாசமாவே இருக்கட்டும். யாரு போய் கதவைத் தட்டிப் பாக்கப் போறாங்க? மாத்தினா ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாங்க."

மதியம் அமீர்பேட்டில் ஒரு விசா ஏஜென்ட். மாடிப்படியெல்லாம் செருப்பு. நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிட்டார். "ஏம் காது மேடம்." ஒன்றும் ஆகாதாம். மகன் தனியாக இருக்கிறான் என்றால் அம்மா அப்பா அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று நினைத்து மறுத்துவிடுவார்களாம். மருமகள் இருந்தால் நல்லது. "மெய்ன்டெய்ன் சேயண்டி." அப்படியே நடத்திக்கொண்டு போங்கள் என்று அர்த்தம்.

திரும்பும்போது ஆட்டோவில் நினைத்தது: நேர்முகத்தில் நிற்கப் போவது அப்பா. பொய் சொல்கிறோம் என்று தெரியாமலேயே பொய் சொல்லப் போகிறார். கண்டுபிடித்தால் அவர் பெயரில்தான் கருப்புப் புள்ளி. எழுபத்தொரு வயதில்.

ஜூன் 12, வியாழன்

தூக்கமில்லை. ஆபீஸில் இரண்டு தப்பு. மேனேஜர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

மாலை மல்காஜ்கிரி. போட்டோ எடுக்கப் போனோம். அம்மா பூவை எடுக்க மாட்டேன் என்றாள். "மொட்டைத் தலையாட்டம் இருக்கும்." கடைக்காரர் தெலுங்கில் கெஞ்சி எடுக்கவைத்தார். போட்டோவில் அம்மா கோபமாக இருக்கிறாள். இரண்டாவது தடவையும் கோபமாகத்தான் விழுந்தது.

வீட்டில் கேள்வி பதில் பயிற்சி. நான் அதிகாரி. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு. ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் இருந்த பழக்கம்.

"யாரைப் பார்க்கப் போறீங்க?"

"மை சன். அண்ட் மை டாட்டர் இன் லா. வெரி குட் கேர்ள்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"சேம் ஹவுஸ். ஓன் ஹவுஸ். கார்டன் இருக்குது."

கார்டனை மிகவும் இழுத்துச் சொன்னார். அதை என்னால் கேட்க முடியவில்லை. தண்ணீர் குடிப்பதாக உள்ளே போனேன். உள்ளே அம்மா பெட்டி திறந்து வைத்திருக்கிறாள். நித்யாவுக்குப் புடவை, நித்யாவுக்கு வளையல், நித்யாவின் சைஸுக்குத் தைத்த மூன்று ஜாக்கெட். "அளவு மாறியிருக்குமா? போன்ல கேட்டா சர்ப்ரைஸ் போயிடும்ல?"

மாறியிருக்காது என்றேன்.

சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அப்பாவிடம்.

காலை அவர் நடக்கப் போகும் பூங்கா. ஏழு மணிக்கே மல்காஜ்கிரி போய் நின்றதைப் பார்த்து "இன்னாம்மா, ஞாயித்துக்கிழமையும் தூங்கலியா?" என்றார். இரண்டு சுற்று நடந்த பிறகு பெஞ்சில் உட்காரவைத்து மெதுவாக ஆரம்பித்தேன். காது மிஷின் போடவில்லை.

"அப்பா, நித்யா வீட்டை விட்டுப் போயிட்டா."

"எந்த வீட்டை விட்டாங்க?"

"நித்யா. போயிட்டா. அவங்க சேந்து இல்ல."

"சேந்தா? யாரு சேந்தா?"

கத்த வேண்டியிருந்தது. "சீனுவும் நித்யாவும் பிரிஞ்சுட்டாங்கப்பா!" நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் தமிழ் யாருக்குப் புரியும் என்று நினைப்போம். அதில் ஒருவருக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார்.

அப்பா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். பிறகு:

"எப்ப?"

"ஜனவரியில."

"அதுக்கப்புறம் என் பொறந்த நாளைக்குப் பேசினானே. நித்யா விஷ் பண்ணச் சொன்னான்னு சொன்னானே."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஃபாரத்துல இன்னா எழுதியிருக்கே?"

சொன்னேன். ஏஜென்ட் சொன்னதையும், பாலா சொன்னதையும், சீனு கேட்டுக்கொண்டதையும். விடாமல் எல்லாம்.

"மாத்து."

"கிடைக்காமப் போயிடும்னு சொல்றாங்கப்பா."

"போனாப் போவட்டும். சிக்னல் ரெஜிஸ்டர்ல நடந்ததைத்தான் எழுதிட்டு வந்திருக்கேன். பொய் சொல்லிப் போய் சீனு முன்னாடி நிக்கறது நக்கோ, வேணாம்." எழுந்துவிட்டார். "உங்கம்மாகிட்ட நான் சொல்றேன். நீ சொல்லாத."

அவர் கை என் தோளில் இருந்தது. தெரு திரும்பும் வரை எடுக்கவில்லை. அப்படித் தோளில் கை வைத்து நடக்கிறவர் இல்லை அவர்.

ஜூன் 16, திங்கள்

லீவு. புதிய படிவம், இரண்டு பேருக்கும் முதலிலிருந்து. பக்கம் பத்தில் இணையதளம் உறைந்தது. மறுபடி. புதுப் படிவத்தின் எண்ணை நேர்முகப் பதிவில் மாற்ற வேண்டும், இரண்டு நாள் முன்பே. இன்றுதான் கடைசி. நான்கு இருபதுக்கு மாறிவிட்டதாகத் திரையில் வந்தது. மாறியதா என்று ஆறு தடவை போய்ப் பார்த்தேன்.

சீனுவிடம் புதுக் கடிதம் கேட்டேன். மனைவி இல்லாமல், புது விலாசத்தோடு.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா? கேட்டேன்ல அக்கா! ஒரே ஒரு விஷயம் கேட்டேன்ல!"

வைத்துவிட்டான். ஒரு மணி நேரம் கழித்துக் கடிதம் மட்டும் மெயிலில் வந்தது. ஒரு வார்த்தை கூட எழுதவில்லை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அப்பாவைக் கேட்டால் "ஹவ், ஹவ், ஆமா, சொல்றேன்" என்கிறார்.

ஜூன் 18, புதன்

கைரேகை முடிந்தது. அம்மாவின் விரலில் கோடு சரியாக விழவில்லை, நான்கு தடவை வைக்கச் சொன்னார்கள். "பாத்திரம் தேச்ச கை, அப்படித்தான் இருக்கும்" என்று அந்தப் பெண்ணிடம் அம்மா தெலுங்கில் சொல்ல, அவளும் சிரித்தாள். அம்மா அவ்வளவு உற்சாகமாக இருந்தாள்.

மாலை அப்பா சொல்லிவிட்டார். ஐந்தரை மணிக்கு அவரே எனக்குப் போன்.

"இங்க வா."

மல்காஜ்கிரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அம்மா அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். மடித்து, மடித்து, பீரோவில்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"பத்தாம் தேதிம்மா."

"வெள்ளிக்கிழமை வந்தியே. ஜாக்கெட் அளவு கேட்டேனே. மாறியிருக்காதுன்னு சொன்னியே."

"அம்மா..."

"அவன் ஆம்பளைப் பையன், தூரத்துல இருக்கான், சொல்லத் தெரியல. நீ எதிர்ல நின்னுட்டு இருந்தே, ஹேமா. என்னை அப்படியே பொட்டி கட்ட விட்டுப் பாத்துட்டு இருந்தே."

கீழே கிடந்த புடவையை எடுத்தேன், பிடுங்கிக்கொண்டாள்.

"நான் நாளைக்கு வரல. அப்பாவும் பொண்ணும் போய்க்கங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா கூடத்தில் கோப்பைத் திறந்து காகிதங்களை வரிசையாக அடுக்கினார். பிறகு கலைத்து, மறுபடி அடுக்கினார்.

ஜூன் 19, வியாழன்

காலை காரோடு போய் நின்றேன். அம்மா வருவாளா மாட்டாளா தெரியாமல். முதலில் வெளியே வந்தது அம்மாதான். நீலப் புடவை, பூ இல்லை. பின் சீட்டில் ஏறி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

தூதரகத்துக்குள்ளே எனக்கு அனுமதி இல்லை. எதிரில் பை, போன் வாங்கி வைக்கும் கடையில் நின்றேன். வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது. ஒரு பெண் குதித்துக்கொண்டே வந்தாள். ஒரு வயதான தம்பதி சண்டை போட்டுக்கொண்டு. டீ மூன்று. ஒன்றையும் முழுக்கக் குடிக்கவில்லை.

பதினொன்றே காலுக்கு வந்தார்கள். அப்பா கையில் பாஸ்போர்ட் இரண்டும் இருந்தன. விசா கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையில் இருந்தால் இல்லை.

காரில் உட்கார்ந்ததும் அம்மாதான் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, மைக்கில் பேச்சு. மிஷின் போட்டும் அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அம்மாவே தெலுங்கில் பதில் சொன்னாளாம், பக்கத்தில் ஒரு பெண் மொழிபெயர்த்தாளாம்.

"மகன் கூட யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. யாரும் இல்ல, தனியா இருக்கான், பொண்டாட்டி பிரிஞ்சு போயிட்டா, நான் மூணு மாசம் கூட இருந்துட்டு வந்துடுவேன், எம்பொண்ணு இங்கதான் இருக்கான்னு சொன்னேன். அவரு கொஞ்சம் நேரம் பாத்தாரு. ஒரு தாளைக் குடுத்து சாரின்னாரு."

தாளில் காரணம் என்று தனியாக ஒன்றுமில்லை. எல்லோருக்கும் கொடுக்கும் அச்சடித்த தாள்.

பழைய படிவமாகவே இருந்திருந்தால்? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பத் தோன்றவில்லை.

சீனு கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"குடுக்கலடா," என்றார் அப்பா.

அவன் சொன்னான், "அக்கா அப்படியே விட்டிருந்தா கெடைச்சிருக்கும்."

அம்மா பின் சீட்டிலிருந்து கையை நீட்டி போனை எடுத்துக்கொண்டாள்.

"அவளைச் சொல்லாத. அவ செஞ்சது சரி. அஞ்சு மாசம் வாயை மூடிட்டு இருந்தது நீ."

"அம்மா..."

"தெரியாத ஒருத்தன்கிட்ட, கண்ணாடிக்கு முன்னாடி நின்னு, எம்புள்ள தனியா இருக்கான்னு சொல்லிட்டு வர்றேன். அதை உன் வாயால நீ எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

அவன் அழ ஆரம்பித்தான். சீனு அழுது நான் கடைசியாகக் கேட்டது அவன் ஸ்கூலில் படிக்கும்போது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அழு," என்றாள் அம்மா. "நாங்க மூணு பேரும் லைன்லதான் இருக்கோம்."

காரை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டினார். அப்பா இறங்கிப் போய், ஐந்து நிமிஷம் என்று அவரிடம் உருதுவில் கேட்டுக்கொண்டு, காருக்கு வெளியிலேயே நின்றார்.

ஜூன் 20, வெள்ளி

மழை. காய்ச்சல் மாதிரி உடம்பு வலி. மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தேன். எப்போது வேண்டுமானாலும். ஆனால் தேதி அடுத்த கோடைக்குத்தான். அதற்குள் சீனு எப்படி இருப்பான்? அவன் வேலை, அவன் விசா, இங்கே வந்தால் திரும்ப விடுவார்களா?

அம்மா என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. "சாதம் வெச்சிட்டியா?" என்று ஒரு மெசேஜ். அதுவே நேற்றைக்கு இன்றைக்குத் தேவலாம்.

ஜூன் 22, ஞாயிறு

மல்காஜ்கிரி. சீனுவின் வீடியோ. ஒற்றை அறை முழுவதையும் இன்றுதான் காட்டினான். கட்டில், ஒரு நாற்காலி, பிரிக்காத பெட்டிகள். அப்பா கேட்டார், எந்தப் பக்கம் ஜன்னல், வெயில் வருமா, பக்கத்து வீட்டில் யார். எல்லாவற்றுக்கும் நிஜமான பதில். எந்தப் பதிலுக்கும் முன்னால் அவன் யோசிக்கவேயில்லை.

அம்மா கடைசியாகக் கேட்டாள்.

"நித்யா எப்படி இருக்கா?"

"தெரியாதும்மா. வக்கீல் மூலமாத்தான்..."

"அவங்க அம்மா அப்பாகிட்டயாவது சொல்லிட்டாளா?"

சீனு விழித்தான். "அதுவும் தெரியாது."

"அவளும் அங்க ஒரு ரூம்ல தனியா உக்காந்துதானே இருப்பா," என்றாள் அம்மா. "நம்பரைக் குடு."

"என்ன பேசப் போற?"

"எனக்கே தெரியாது. குடு."

அப்பா பேனாவைத் தேடினார். என் பையில் இருந்ததைக் கொடுத்தேன். சீனு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான், அப்பா மறுபடி மறுபடி கேட்டு எழுதினார். அம்மா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கதவைச் சாத்தாமலேயே, நித்யாவின் எண்ணை அழுத்தினாள்.