இரண்டு நாள் குட்டியின் வயிறு

எல்கடுவ
புதன்கிழமை

அன்பு மகள் வித்தியாவுக்கு, அம்மா எழுதுவது. மாத்தளை அம்மன் தயவில் நானும் அப்பாவும் சுகம், நீ படிக்கப் போன தேசத்துக் குளிரில் எப்படி இருக்கிறாயோ என்ற நினைப்புத்தான் எனக்கு. போனில் என்றால் நீ அவசரப்படுத்துவாய், எனக்குக் கேட்க வேண்டியது மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன். நம் கறுப்பு ஆடு போன வாரம் ஒரு குட்டி போட்டது. இரண்டாம் நாள் அது பால் குடிக்காமல் வயிறு உப்பிப் படுத்துவிட்டது. தாய் ஆட்டுக்குக் கொடுத்து மிஞ்சிய வயிற்று மருந்தை அப்பா எடுத்து வந்தார். பக்கத்து லயத்து வீட்டு அழகாயியும், "அளவக் கொறச்சு ஊத்துங்க, குட்டின்னா சின்ன ஆடுதானே" என்றாள். எனக்கு நீ சொன்னது ஞாபகம் வந்தது. வளர்ந்த மிருகத்தின் இரைப்பைத் தசை சுருங்குவதற்கு வேண்டிய கல்சியம் அதன் செல்லுக்குள்ளேயே சேர்ந்திருக்கும், பிறந்த குட்டிக்கு அது பெரும்பாலும் வெளியிலிருந்து வரவேண்டும், சுருங்கச் சொல்லும் கட்டளை ஒன்றானாலும் உள்ளே அது போகும் வழி வேறு என்று, நீ ஆராய்ச்சி செய்யும் பூனைக்குட்டியை வைத்துச் சொன்னாயே. ஆட்டுக்கும் அப்படித்தானா என்று தெரியாது, ஆனாலும் வழியே வேறென்றால் அளவைக் குறைத்தாலும் பெரிய ஆட்டு மருந்து குட்டிக்குச் சரிவராதே என்று அப்பாவின் கையைப் பிடித்துத் தடுத்தேன். "மக படிக்கிறது பூனைய, இது ஆடு" என்று கோபப்பட்டார். குட்டியைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் மிருக வைத்தியர் தினுஷாவிடம் ஓடினேன். வழியில் அது தலையைத் தொங்கப்போட்டபோது, பிடிவாதம் பிடித்து நானே கொன்றுவிட்டேனோ என்று ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

வைத்தியர் மருந்துப் போத்தலைப் பார்த்து, "நல்ல வேளை குடுக்கல அம்மா, இந்த வயசுக் குட்டிக்கு இது கூடவே கூடாது" என்றார். உடம்பு குளிர்ந்துபோனதால்தான் குடித்த பால் அசையவில்லையாம். குழாய் விட்டுக் காற்றை எடுத்து, சூடுகாட்டி வைத்திருந்தார். பின்னேரம் எழுந்து நின்று கத்தியது. இப்போது அப்பா வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மக அப்பவே சொல்லிருச்சு" என்று பெருமை பேசுகிறார். போன மாதம் நீ, இந்தப் படிப்பால் யாருக்குப் பிரயோசனம், விட்டுவிட்டு வரவா என்று அழுதாய், நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுப் போனை வைத்துவிட்டேன். வருவதென்றால் வா, உன் அறை சும்மாதான் கிடக்கிறது. ஆனால் அதற்கு முன் எனக்கு ஒன்று சொல். வெளியிலிருந்து வந்த கல்சியம் செல்லுக்குள்ளேயே சேரத் தொடங்கும் அந்த மாற்றம் எந்த நாளில் நடக்கிறது? எல்லாச் செல்லும் ஒன்றாக மாறுமா, ஒவ்வொன்றாகவா? புல் கடிக்கத் தொடங்கும்போதா? உன்னை மடியில் போட்டுப் பால் கொடுத்த நாட்களில் உனக்குள்ளும் அது நடந்திருக்கும், நான் ஒன்றும் அறியாமல் முதுகைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னும் யாருக்கும் தெரியாது என்றால் நீ கண்டுபிடித்து எழுது.

அம்மன் உனக்குத் துணையிருப்பாள். காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா சிவநந்தினி