ஒரு வாளி நிரம்பும் நேரம்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஆறே முக்கால். மீன் தொட்டியின் பம்ப் நின்றுவிட்டது. பேரனைப் பார்க்க நேற்றுத்தான் என் கணவர் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ஞாயிறு மாலை திரும்புவார்.

இருநூறு லிட்டர் தொட்டி. உள்ளே ஒரே ஒரு தங்கமீன், பதினோரு வயது. நாள் முழுக்க வாயைத் திறந்து மூடும், ஒன்றும் சொல்லாது. அதனால் நான் வைத்த பெயர் மந்திரி. வளர்ப்பதெல்லாம் அவர்தான். தொட்டிக்குக் கீழே அலமாரியின் அடித்தட்டில் வடிகட்டிப் பெட்டி. அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது பம்பின் வேலை.

பிளக்கை மாற்றினேன். பம்பைக் கழற்றிக் கழுவினேன். கருகிய வாடை. செத்தது உறுதி.

மந்திரி மேலே வந்து வாயைப் பிளந்தான். சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினேன். பிறகு மாடி வீட்டுப் பல் டாக்டர், குமிழி விடும் சின்ன மோட்டார் ஒன்றைக் கொடுத்தார். "மூச்சுக்கு இது போதும்க்கா. ஆனா சீக்கிரம் பம்ப் மாட்டிடுங்க. தண்ணிய வடிகட்டலைன்னா அதோட கழிவே அதுக்கு விஷம்."

மார்ச் 4, புதன்

அவர் போனில் வந்தார், மடியில் பேரனோடு. முதல் கேள்வி: "மந்திரி எப்படி இருக்கான்?"

"ஜம்முன்னு இருக்கான்."

போனைத் தொட்டிப் பக்கம் திருப்பியும் காட்டினேன், ஒரு விநாடி. பொய்யில்லை. முழுச் செய்தியும் இல்லை. அவ்வளவு சிரித்த முகம், அதைக் கெடுப்பானேன்?

எந்தப் பம்ப் வாங்குவது? மூன்று பேரிடம் கேட்டேன். பல் டாக்டர், "ஆயிரம் லிட்டர் போதும்" என்றார். ஆபீஸ் புகைப்படக்காரர் வீட்டிலும் தொட்டி உண்டு, அவரும் ஆயிரம். கடைக்காரம்மாவும் அதையே எடுத்து நீட்டினார். பெட்டியின் மேலேயே போட்டிருந்தது: மணிக்கு 1000 லிட்டர். மூன்று வாய், ஒரே பதில். பத்திரிகை வேலையில் முப்பத்தோரு வருடமாக, ஒரு செய்திக்கு இப்படி அமைந்தால் அச்சுக்கு அனுப்பிவிடுவேன். வாங்கிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

மாட்டினேன். ஜலதோஷம் பிடித்தவன் மூக்கு மாதிரி ஒழுகுகிறது.

தொட்டியில் விழும் குழாயின் வாயில் பத்து லிட்டர் வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். நிரம்ப மூன்று நிமிடம் பத்து விநாடி. அப்படியென்றால் மணிக்கு இருநூறு லிட்டர்கூட இல்லை. ஆயிரம் எங்கே போனது?

மாடிக்குப் போய்ப் பல் டாக்டரின் தொட்டியைப் பார்த்தேன். அவருடைய பம்ப் தொட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ஓர் அங்குலம்கூட ஏற்ற வேண்டியதில்லை. புகைப்படக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவருடையதும் அப்படித்தான்.

மூன்று ஆதாரமா அது? ஒரே பெட்டியை மூன்று பேர் படித்திருக்கிறார்கள். ஆபீஸில் சின்னப் பிள்ளைகள் இப்படிச் செய்தி கொண்டுவந்தால் கிழிகிழியென்று கிழிப்பேன்.

மந்திரி இன்று தீனியைத் தொடவில்லை. மூலையில் அசையாமல் நிற்கிறான். கால்வாசித் தண்ணீரை மாற்றினேன். அப்பவும் அப்படியேதான் நிக்கிறான் — பதினோரு வருஷம் வளர்த்த மனுஷன் வந்து வெறும் தொட்டியைப் பாத்தா நான் என்னத்தச் சொல்றது?

மார்ச் 6, வெள்ளி

அரை நாள் விடுப்பு. வாளி, அளவு நாடா, கடிகாரத்தோடு கடைக்குப் போனேன். பம்பிலிருந்து தொட்டி விளிம்பு வரை நூற்று இருபத்து நான்கு சென்டிமீட்டர்.

"அக்கா, பம்ப் வாங்க வந்தீங்களா, கடையைக் கழுவ வந்தீங்களா?"

"ரெண்டும்தான். குழாயை இந்த உயரத்துல பிடிங்க."

கடைக்காரம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பிடித்தார். "பெட்டியில இருக்கிறது, ஏத்தாம ஓட்டினா வர்ற அளவு. மேல போகப் போகக் குறையும்."

"இதை முந்தாநாளே சொல்லக் கூடாதா?"

"எத்தனை லிட்டர்னுதானே கேட்டீங்க? பம்ப் கீழ இருக்குன்னு நீங்க வாயே திறக்கலையே."

நியாயம். கேள்வியே தப்பு.

1500 போட்டது: ஒன்றே கால் நிமிடம். 2500 போட்டது: முப்பத்து நான்கு விநாடி, அதாவது மணிக்கு ஆயிரத்துக்குச் சற்று மேல். எதற்கும் பார்ப்போமே என்று 4000-ஐ ஓட்டினோம். குழாய் துள்ளி எழுந்து, கல்லாவில் இருந்த கடைக்காரம்மாவின் கணவரைத் தலையோடு கால் நனைத்துவிட்டது.

"அது வேணாம்," என்றார் அவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

2500-ஐ எடுத்துக்கொண்டேன். முதலில் வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் மாட்டி மறுபடி அளந்தேன். முப்பத்தைந்து விநாடி.

மார்ச் 7, சனி

மந்திரி ஆறு உருண்டை தின்றான். எண்ணினேன்.

மார்ச் 8, ஞாயிறு

அவர் பையைக்கூட இறக்காமல் தொட்டி முன் போய் நின்றார். மந்திரி கண்ணாடியோரம் வந்து அவரோடு கூடவே இடமும் வலமும் போனான்.

"ஒரு விஷயம்," என்று ஆரம்பித்தேன்.

"பம்ப் போயிடுச்சு. அதானே?"

"யார் சொன்னா?"

"புதன்கிழமை போன்ல காட்டினியே. மேல குழாயில தண்ணி விழல, பின்னாடி குமிழி வருது. நம்ம தொட்டியில ஏதும்மா குமிழி?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா பதில் சொல்லிட்டு இருந்திருப்ப. கேக்காததால வேலையைப் பாத்த."

என் செய்திக்கு மறுப்பு வருவது இது மூன்றாவது முறை. பத்திரிகையில் வந்த முதல் இரண்டுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன்; அவர்தான் சமைத்தார்.