பூஜ்யம் வராத பக்கம்

சண்டை போட்டாலும் சாப்பிட என்னைத் தேடி வரும் என் தேன்மொழிக்கு,

நீ போய் பத்து மாதம் ஆகிறது. உன் அண்ணன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. காரணம் நீதான். இல்லை, நான்தான். கேட்டுவிட்டு நீயே சொல்.

உன்னோடு ஆராய்ச்சி செய்த வெள்ளிமலைப் பொன்னி, உன் கடைசிக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தது. முதல் பெயர் உன்னுடையது. அதன் அச்சுப் படியை உன் அண்ணன் சாமி படத்தருகே வைத்திருந்தார். அன்று காலையில் விளக்கேற்றப் போன நான் அதை எடுத்துப் பார்த்துத் தொலைத்தேன்.

"உனக்கு அதில் என்ன வேலை?" என்று என்னை ஊரே கேட்கும். நீ கொடுத்த வேலைதானே? பத்தாவதோடு நின்ற என்னை உட்காரவைத்துச் சொன்னாய். அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்கைத் தனியாகப் பிரிக்க முடியாது. இழுக்க இழுக்க இரண்டு குவார்க்குக்கும் நடுவே விசைப்புலம் கயிறுபோல இறுகும். அறுத்தால் அறுந்த இடத்தில் புது ஜோடி முளைக்கும். அப்படி இறுக்குவது வெற்றிடத்தில் நிறைந்திருக்கும், ஒரே முனை மட்டும் உள்ள காந்த ஒற்றைமுனைகளாக இருக்கலாம், அதைத்தான் கணினியில் தேடுகிறேன் என்றாய். வெளியைச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, எதில் கூட்டல் முனை, எதில் கழித்தல் முனை என்று எண்ணுவாய்.

"ஒரு பொட்டி சுவரு பக்கத்துப் பொட்டிக்கும் சுவரு, அண்ணி. இங்க வெளிய போன காந்தக் கோடு அங்க உள்ள வந்தாவணும். கடைசிப் பொட்டி மொதப் பொட்டியோட சேரும். கூட்டலும் கழித்தலும் சேந்தா மொத்தம் பூஜ்யம்."

வீட்டுச் செலவு எழுதும் எனக்கு அது உடனே பிடிபட்டது. அன்றிலிருந்து உன் எண்ணிக்கை எல்லாவற்றையும் நான் கூட்டிப் பார்த்துத்தான் தந்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தபடி நீ முடித்த கடைசித் தொகுப்பு மட்டும் என்னிடம் வரவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. உன் முடிவு நிற்பதே அதன் மேல்தான்.

அச்சுப் படியில் அந்தத் தொகுப்பு இருந்த பக்கத்தைக் கூட்டினேன். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. கூட்டல் ஒன்று அதிகம்.

உன் அண்ணனிடம் காட்டினேன். சட்டைப் பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது.

"செத்துப்போனவ கணக்குல தப்பு கண்டுபுடிச்சிக்கினு இருக்க. ஒண்ணுதான? வுடு."

"ஒண்ணு வரவே கூடாதுங்க."

அதோடு பேச்சு நின்றது.

பொன்னி சாமை அறுப்புக்கு ஊருக்குப் போயிருந்தாள். போன் போகவில்லை. வேலை முடித்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் போயாக வேண்டும். மலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

களத்தில் என்னைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள். "இன்னா அண்ணி, அண்ணனுக்கு ஏதாச்சுமா?"

தாளை நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை கூட்டினாள். முகம் மாறியது. பிறகு சிரிக்கப் பார்த்தாள். "மூணு புரொபசருங்க பாத்தாங்க. ஒருத்தரும் கூட்டல."

கடைசிப் பெட்டியை முதல் பெட்டியோடு சேர்க்கும் வரி அந்தத் தொகுப்பில் விட்டுப்போயிருக்கலாம் என்றாள். சேர்த்து மறுபடி ஓட்டினால் பத்து நாளுக்கு மேல் ஆகுமாம். உன் முடிவு நிற்கலாம், விழலாம்.

"நான் அனுப்பல அண்ணி. அவ இருந்தா அனுப்பியிருப்பாளா?"

அதை நீதான் சொல்ல வேண்டும், தேன்மொழி. அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் என்னிடம் தரவில்லை? நேரம் இல்லையா? உடம்பு முடியவில்லையா? இல்லை, கூட்டினால் என்ன வரும் என்று உனக்கே தெரிந்திருந்ததா?

நேற்று ரிஷிவந்தியம் போய் அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நின்றேன். உன் முடிவு நிற்க வேண்டும் என்று வேண்டத்தான் போனேன். வாய் வரவில்லை. உண்மை எதுவோ அது வரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அண்ணன் கதவருகே வந்து நின்றார். "தப்பாப் போச்சுன்னா அவ பேர எடுத்துடுவாங்களா?" என்றார். தெரியவில்லை என்றேன். போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

உன் பெயரை எடுக்க விட மாட்டேன். உன் முடிவு விழுந்தால், விழுந்தது என்று உன் பெயரோடேயே எழுதச் சொல்வேன். நின்றாலும் விழுந்தாலும் முதலில் உன் படத்தின் முன் வந்து சொல்கிறேன். தெரிந்தே என்னிடம் மறைத்திருந்தாயானால், அதற்கும் சேர்த்து அன்றைக்குச் சண்டை போடலாம்.

இப்படிக்கு, உன்னைத் தப்பென்று சொல்லவும் உரிமையுள்ள,
உன் அண்ணி கமலா
கள்ளக்குறிச்சி