மூன்றாவது குரல்

அண்ணா,

நேற்றுக் காலையில் ஒண்டிக்கடை முக்கில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. எதிரில் இருக்கிற டீக்கடை போர்டுகூடத் தெரியவில்லை. அப்போது என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், நீங்கள் "ஏனுங்க" என்றீர்கள்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு ஜீப்காரர் அவசர அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். போனை எடுத்து அமுக்கிவிட்டு என்னைப் பார்த்தவருக்கு முகம் சுருங்கிப்போனது. ரிங்டோனை மாற்றிவிடலாம் என்று பல தடவை நினைத்ததாகவும் மனசு வரவில்லை என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன். அவர் ஒருத்தரா? பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு போனும் பின்சீட்டில் ஒரு போனும் சேர்ந்தாற்போல அடித்தால், நீங்களும் நீங்களுமாகக் கூப்பிட்டுக்கொள்கிறீர்கள். செத்துப்போனவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும். முதல் மாதம் எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப் போட்டது. இப்போது பிடரியில் மட்டும் கொஞ்சம் சிலிர்க்கும், அவ்வளவுதான்.

உங்கள்மேல் இந்த ஜனங்களுக்கு அப்படி என்ன பைத்தியம் என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பகலில் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர், ஊர்த் திருவிழா நடக்கிற நோம்பி நாளிலும் கல்யாண வீட்டிலும் மெல்லிசைக் குழுவின் பாடகர். குரலும் அப்படியொன்றும் தேன் கிடையாது. மேல் ஸ்தாயிக்குப் போனால் பிசிறடிக்கும். சரணத்தில் வரி மறந்துபோனால் முனகியே ஒப்பேற்றிவிடுவீர்கள். நான் மாதா கோயில் பாட்டுக் குழுவில் ஒழுங்காகச் சுரம் கற்றுக்கொண்டு வந்தவள். பெண் குரலுக்கு ஆள் இல்லை என்று என்னை அழைத்துப்போன புதிதில், இந்த மனுசனோடு எப்படிப் பாடுவது என்று பல்லைக் கடித்திருக்கிறேன். காதல் பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் நான் மைக்கில், "அடுத்த பாட்டை அண்ணனும் நானும் பாடறோமுங்க" என்று அறிவித்துவிட்டேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் நான் அழாத குறை. நீங்கள் அன்றைக்கு அதை மாற்றவிடவில்லை. பிறகு எல்லா ஊரிலும் அப்படியே அறிவிக்கச் சொன்னீர்கள்.

எனக்கு உங்களைப் புரிந்தது வெள்ளக்கடையில்தான். ஊர் மேட்டில் சாயங்கால நிகழ்ச்சி. இரண்டாவது பாட்டிலேயே பனி மேடைக்குள் வந்துவிட்டது. முதலில் பின்வரிசை போனது, பிறகு நடுவரிசை, கடைசியில் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களும் போய்விட்டார்கள். எங்களுக்கு எதிரில் வெறும் வெள்ளை. ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. கீபோர்டு வாசிக்கிற சேலத்துக்காரர் என் பக்கம் சாய்ந்து, ஆள் எல்லாம் கிளம்பிவிட்டது போல, மூட்டையைக் கட்டலாமா என்றார்.

நீங்கள் கையைக் காட்டி எங்களை நிறுத்தினீர்கள். மைக்கை வாயருகே கொண்டுபோய் அந்த வெள்ளையைப் பார்த்து, "ஏனுங்க" என்றீர்கள். பதில் இல்லை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, "ஏனுங்க." அதற்கும் இல்லை. சேலத்துக்காரர் ஒயரைச் சுருட்டவே தொடங்கிவிட்டார். மூன்றாவது தடவை நீங்கள் கூப்பிட்டதும் அந்த மேடு முழுவதும் ஒரே குரலாக, "இருக்கறமுங்க" என்றது. எவ்வளவு பேர்! ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. முகமே இல்லாமல் அத்தனை குரல்!

பாவம் சேலத்துக்காரர், அவருக்கு எப்படித் தெரியும்? இந்த மலையில் பனிக்குள்ளிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கு வாய் திறக்கமாட்டோம். இரண்டாவதுக்கும் மாட்டோம். மூன்றாவது குரல் வந்தால்தான் கூப்பிடுவது மனுசன். மற்றது மூன்றாவது தடவை கூப்பிடாது. அந்த மற்றது என்னவென்று யாரும் பேர் சொல்வதில்லை. சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படிப் பழகிவிட்டோம். கீழேயிருந்து வருகிற கச்சேரிக்காரர்கள் எல்லாம் ஒரு தடவை, "எல்லாரும் சந்தோசமா இருக்கீங்களா" என்று கத்திப் பார்த்துவிட்டு, மரக்கட்டை ஜனம் என்று எங்களைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போவார்கள்.

அன்றிலிருந்து பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டுக்கு முன்னால் மூன்று தடவை கூப்பிடுவது உங்கள் வழக்கமாகிவிட்டது. ஆம்பளை, பெண்டாட்டி புருசனைக் கூப்பிடுகிற மாதிரி "ஏனுங்க" என்கிறாரே என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "எங்கூட்டுக்காரி என்னைக் கூப்பிடற மாதிரிதானுங்க நானும் உங்களைக் கூப்பிடறேன்" என்பீர்கள். மற்ற பாடகர்களுக்கு நாங்கள் கேட்டால் போதும். நாங்கள் அங்கே இருக்கிறோமா என்று நீங்கள் ஒருத்தர்தான் கேட்டீர்கள். பதில் வருகிறவரை பாட்டைத் தொடங்கவும் மாட்டீர்கள். இந்த ஜனம் உங்களை விடாததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

உங்கள் வீட்டில் அது எப்படி நடக்கும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பொழுது சாயும்போது அண்ணி பின்வாசலில் நின்று காப்பிச் செடிகளைப் பார்த்துக் கூப்பிடுவார். நீங்கள் பத்தடி தூரத்தில் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் மூன்றாவது குரல்வரை காத்திருந்து, அப்புறம்தான் "ம்" என்பீர்கள். அதற்குமேல் ஒரு எழுத்து வராது. "ஊரெல்லாம் பாடறவருக்கு ஊட்டுல ஒரே ஒரு ம்" என்று அண்ணி என்னிடம் நொடித்துக்கொள்வார். நீங்கள் பாட்டை ஆரம்பிக்கிற முனகலும் அதே "ம்"தான் என்று அண்ணிக்குத் தெரியாது. அவர்தான் உங்கள் நிகழ்ச்சி ஒன்றுக்குக்கூட வந்ததில்லையே. தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்பார்.

நெஞ்சை அடைக்கிறது என்று நீங்கள் உட்கார்ந்த அன்று, வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணி அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார். ஆனால் பொழுது சாய்ந்தால் பின்வாசலுக்குப் போய் நின்றுவிடுவார். வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருக்கும். பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்ததும் தினமும் உங்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், இப்படி நின்று என்ன பண்ணுகிறீர்கள் அண்ணி என்று கேட்டேவிட்டேன்.

"ஒருக்கா கூப்பிட்டுப் பார்க்கலாம்னு வாய் வரைக்கும் வருது சாமி. கூப்பிட்டுப் பதில் வல்லீன்னா? அப்புறம் நானு என்ன பண்றது?"

கூப்பிடாமல் இருக்கிறவரை நீங்கள் செடிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருப்பீர்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நாளுக்கு நாள் சாப்பாடு குறைந்தது. இரண்டு படி இறங்கினால் செடி, அதைத் தாண்டினால் சரிவு. ஒருநாள் அந்தப் படியில் இறங்கி நின்றிருந்தார். இந்த மனுசி நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளக்கடைக்காரர்கள் வந்து, நோம்பிக்கு உங்கள் குழுதான் வேண்டும், அவர் குரலும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். பழைய பதிவு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து உங்கள் குரலை மட்டும் எடுத்து ஸ்பீக்கரில் விடலாம், பெண் வரிகளை நான் மேடையில் பாடலாம் என்று சேலத்துக்காரர் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டேன். எனக்குப் பயம் என்னைப் பற்றி இல்லை. அந்தக் குரல் அண்ணி காதில் விழுந்தால் என்ன ஆகுமோ என்றுதான். கடைசியில் நோம்பி அன்று அண்ணியே என்னிடம், தானும் வருவதாகச் சொன்னார். சொல்லும்போதே சேலையை மாற்றியிருந்தார்.

அன்றும் பனி. பெண்கள் வரிசையில் முதல் ஆளாக அண்ணியை உட்கார வைத்தேன். உங்கள் மைக்கை ஸ்டாண்டில் வைத்து, அதற்கு ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தார்கள். சேலத்துக்காரர் பொத்தானைத் தட்டினார்.

"ஏனுங்க."

ஆளில்லாத மைக்குக்குப் பின்னாலிருந்து நீங்கள் கூப்பிட்டீர்கள். மேட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கொஞ்சம் விட்டு இரண்டாவது தடவை கூப்பிட்டீர்கள். ஜனம் அசையாமல் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். மூன்றாவது வரவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அதைச் சேலத்துக்காரர் வெட்டி எடுத்துவிட்டார் என்று. மூன்றாவது குரலோடு பழைய கூட்டத்தின் சத்தமும் சேர்ந்து பதிவாகிக் காதைக் கிழித்ததாம். இரண்டு தடவை கூப்பிட்டால் போதாதா என்று நினைத்து, ஜனங்கள் பதில் சொல்வதற்குக் கொஞ்சம் வெற்றிடம் மட்டும் விட்டிருக்கிறார். இத்தனை வருசம் எங்களோடு இருந்தும் கீழ்நாட்டுக்காரர் கீழ்நாட்டுக்காரர்தானே.

அந்த வெற்றிடத்தில் நாங்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நின்றுபோன குரல் யாருடையது என்று இந்த மலையில் குழந்தைக்கும் தெரியும். ஒரு தாய் மடியிலிருந்த பிள்ளையின் காதைப் பொத்துவதைப் பார்த்தேன். துண்டை எடுத்துக்கொண்டு எழப் பார்த்த ஒருத்தர் பாதி எழுந்தபடியே நின்றுவிட்டார். உங்கள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. மல்லிகை வாசம் மட்டும் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணா, அந்த நிமிசம் உங்களைக் கண்டு நான் பயந்தேன்.

அப்போது அண்ணி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்வாசலில் நின்று கூப்பிடுகிற அதே குரலில், கொஞ்சம் கோபமாகவே கூப்பிட்டார்.

"ஏனுங்க!"

கூட்டத்தில் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. அது யாருக்கான அழைப்பு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஸ்பீக்கரிலிருந்து நீங்கள், "ம்" என்றீர்கள்.

பாட்டு அங்கேதான் தொடங்குகிறது, அது முனகல்தான், பதிவில் உள்ளதுதான். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிவிட்டது. அண்ணி பக்கத்திலிருந்தவரிடம், "கேட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் முதல் முதலாக அழுதார். நான் என் வரிகளைப் பாடினேன். எப்படிப் பாடினேன் என்று நினைவில்லை, பிசிறடித்திருக்கும். பாட்டு முடிந்ததும், யாரும் கேட்காமலே, பனிக்குள்ளிருந்து மொத்த ஜனமும் "இருக்கறமுங்க" என்றது.

திரும்பி வரும்போது சேலத்துக்காரர் என் காலில் விழாத குறையாக, மூன்றாவது குரலை மறுபடியும் சேர்த்துவிடுகிறேன் என்றார். அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். அண்ணி ஜீப்பில் என் தோளில் சாய்ந்துகொண்டு, அடுத்த நோம்பி எந்த ஊரில் என்று விசாரித்தார். அதிலிருந்து எல்லா நிகழ்ச்சிக்கும் வருகிறார். இரண்டு குரல் முடிந்ததும் எழுந்து கூப்பிடுவார், நீங்கள் பதில் சொல்வீர்கள், அவர் உட்காருவார். ஒருநாள் என்னிடம், "அது மிசின்தானே சாமி?" என்றார். ஆமாங்கண்ணி என்றேன். "இருந்துட்டுப் போவுது. கூப்பிட்டா பதில் வருதல்ல" என்றார். இப்போது வயிறாரச் சாப்பிடுகிறார். பொழுது சாய்ந்தால் பின்வாசலைச் சாத்திவிடுகிறார்.

இதோடு முடித்திருக்கலாம் அண்ணா. ஆனால் போன வாரம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கிளியூரில் நிகழ்ச்சி. அண்ணிக்குக் காய்ச்சல், வர முடியவில்லை. மறுநாள் காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். முகம் தெளிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து உங்க பாட்டுச் சத்தம் இங்க வரைக்கும் நல்லாக் கேட்டுது கண்ணு. ரெண்டு குரல் கூப்பிட்டாரு. ஊட்டுல இருந்தா என்ன, நம்மதான் கூப்பிடோணும்னு பின்வாசலைத் தொறந்து நானும் கூப்பிட்டேன். உடனே ம்னாரு. நொம்பப் பக்கத்துல கேட்டுது."

கிளியூரில் அன்று சாயங்காலம் அடித்த மழையில் கரண்ட் போய்விட்டது. பெட்டிகளைப் பிரிக்காமலே நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். அங்கே ஒரு பாட்டும் பாடவில்லை.

கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "ஆமாங்கண்ணி, நேத்துக் காத்து இந்தப் பக்கமுங்க" என்றேன்.